குழவிக்கல்லோடு பெண்டாங்குக்கு

"ஊரிலிருந்து கப்பலேறி, வெளிநாட்டுக்குப் படிக்க வந்தவர் இவர்" என்று என் மனைவி யாரிடமாவது சொல்ல ஆரம்பித்தால், நான் மெல்ல எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவேன். வந்தது உண்மை. மலாய் நாட்டில், சுங்கை பட்டாணியில் சித்தப்பாவின் மளிகைக் கடை இருந்தது. அங்கே தங்கி இங்கிலீஷ் பள்ளியில் படித்து, பெரிய உத்தியோகத்தோடு ஊர் திரும்புவது என்று ஏற்பாடு. நான் புத்தகங்களுக்கு அட்டை போட்டு முடிப்பதற்குள் ஜப்பான்காரன் வந்துவிட்டான். பள்ளியை மூடினார்கள், பிறகு திறந்தார்கள். திறந்த பிறகு நான் கற்றதெல்லாம் இடுப்பு வளையக் குனிவது, ஜப்பானிய மொழியில் ஒரு பாட்டு, தேகப்பயிற்சிக்காக அதே மொழியில் ஒன்று இரண்டு எண்ணுவது. அவ்வளவுதான் என் மேல்படிப்பு.

அங்கே எனக்கு வாய்த்த சிநேகிதர்கள் இரண்டு பேர். மாணிக்கம், கோலா கெத்தில் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாரின் மகன். அம்மா சொல்லைத் தட்டாதவன். ஜோசப், ரயில்வே குமாஸ்தாவின் மகன்; யார் சொல்லையும் கேட்காதவன். மாணிக்கத்தின் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. எல்லா வீட்டு அடுப்பிலும் மரவள்ளிக்கிழங்கு வெந்துகொண்டிருந்த காலம் அது. மாப்பிள்ளை வீட்டார் நகை கேட்கவில்லை. பந்தியில் அரிசிச் சோறு போட்டால் தாலி, இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். (அதற்கு நகையே கேட்டுத் தொலைத்திருக்கலாம்.) கிராணியார் நாயாய் அலைந்து, பெண்டாங்கில் ஒரு வயல்காரரிடம் அரிசிக்குச் சொல்லிவைத்து, அதைக் கொண்டுவர அனுமதிச் சீட்டும் வாங்கிவிட்டார். சைக்கிளில் போய் எடுத்து வரவேண்டியது நாங்கள் மூன்று பேர். நான் அதை உல்லாசப் பயணம் என்று நினைத்துக்கொண்டு தலைக்கு எண்ணெய் தடவி வாரியிருந்தேன்.

புறப்படும்போது மாணிக்கத்தின் அம்மா வழியை மறித்தார்.

"மூணு பேராவா போறீங்க? நல்ல காரியத்துக்கு மூணு பேரா போவக்கூடாதுய்யா. நாலாவதா ஒரு கல்லை எடுத்துக்குங்க."

நான் கீழே கிடந்த ஒரு கூழாங்கல்லை எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன்.

"அது பச்சப்புள்ள மாதிரி இருக்கு. ஆளாச் சேராது" என்று சொல்லி, உள்ளே போய் அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"நான் வேதக்காரன், பெரியம்மா. என்னைய கணக்குல சேக்காதீங்க. அப்ப ரெண்டே பேருதான்லா" என்றான் ஜோசப்.

"வாயை மூடுறா. டேய் மாணிக்கம், யாரு கேட்டாலும் நாலு பேருன்னுதான் சொல்லணும். மூணுன்னு சொன்னே, கல்லு பலிக்காது."

மாணிக்கம் பயபக்தியோடு தலையாட்டினான். குழவியை என் சைக்கிளில் கட்டினார்கள். ஏன் என் சைக்கிள் என்று இன்றுவரை யாரும் எனக்குக் காரணம் சொல்லவில்லை.

சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் ரப்பர் மரங்கள். ஆனால் எங்கள் சைக்கிள்களுக்கு டயர் கிடையாது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை அறுத்துச் சக்கரத்தில் சுற்றிக் கம்பியால் கட்டியிருந்தோம். கம்பி அவிழும், இறங்கிக் கட்டுவோம். கயிறு நழுவிக் குழவி என் காலில் விழும், இறங்கி அழுவேன். ஜோசப் பாட்டுப் பாடிக்கொண்டு முன்னால் போய்க்கொண்டிருப்பான். பெண்டாங்கில் அரிசியை மூன்று பையாகப் பிரித்துக் கட்டிய பிறகு, குழவியை வாய்க்காலில் போட்டுவிடலாம் என்று கெஞ்சினேன். "வீடு போய்ச் சேர்ற வரைக்கும் நாம நாலு பேருடா" என்றான் மாணிக்கம். எனக்கு அவனையே வாய்க்காலில் போடலாம் போலிருந்தது.

திரும்பும் வழியில், கூருன் ஊரைத் தாண்டிய காவல் சாவடியில் வந்தது வினை. இறங்கினோம், வளைந்து குனிந்தோம், அனுமதிச் சீட்டைக் காட்டினோம். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஜப்பான் சிப்பாயின் பக்கத்தில் நின்ற மலாய்ப் போலீஸ்காரர் சும்மா ஒரு பேச்சுக்கு, "பெராப்பா ஓராங்?" என்று எத்தனை பேர் எனக் கேட்டார்.

"அம்பாட்!" என்று மாணிக்கம் நாலு விரலை நீட்டினான்.

சிப்பாய் துப்பாக்கி முனையால் எங்களை ஒவ்வொருவராக எண்ணினான். பிறகு ரப்பர் காட்டை உற்றுப் பார்த்தான். நாலாவது ஆள் ஓடி ஒளிந்துவிட்டான் என்று முடிவு கட்டியது அந்த முகத்திலேயே தெரிந்தது. அரிசிப் பைகளை அவிழ்த்து ஓரமாக வைக்கச் சொன்னார்கள். நாலாவது ஆள் வராவிட்டால் அரிசியும் இல்லை, நாங்கள் மூவரும் சயாம் ரயில் வேலைக்கு லாரி ஏறவேண்டியதுதான் என்றார் போலீஸ்காரர். சயாமுக்குப் போனவர்கள் யாரும் தோட்டத்துக்குத் திரும்பி வந்திருக்கவில்லை. மாணிக்கம் அழ ஆரம்பித்தான்.

இங்கேதான் என் மேல்படிப்பு முன்னால் வந்தது. ஜப்பானிய மொழியிலேயே விளக்கிவிடலாம் என்று, மாணிக்கத்தைத் தொட்டு "இச்சி" என்றேன், ஜோசப்பைத் தொட்டு "நி", என்னைத் தொட்டு "சான்". பிறகு குழவியை அன்போடு தட்டிக்கொடுத்து "ஷி" என்றேன். சிப்பாய் விட்ட அறையில் எனக்கு அந்த மொழி முழுவதும் மறந்துபோயிற்று.

வெயிலில் நிறுத்திவிட்டார்கள். அப்போது எதிர்ப்புறமிருந்து ஒருவர் சைக்கிளில் கருவாட்டுக் கூடையோடு வந்தார். நெற்றியில் திருநீறு. எனக்கு என்ன தோன்றியதோ, கத்தினேன்:

"அண்ணே! முன்னாடி போயிட்டு எங்களைத் தேடி வர்றீங்களா? இங்கதாண்ணே இருக்கோம்!"

"யார்றா நீ?" என்றார் அவர். நல்லவேளை, போலீஸ்காரருக்குத் தமிழ் தெரியாது.

"அக்கா கல்யாணம்ணே. நாலாவது ஆளு இல்லாட்டி சயாம்ணே" என்று மாணிக்கம் விம்மினான். அவர் எங்களைப் பார்த்தார், அரிசியைப் பார்த்தார், வீங்கிய என் கன்னத்தைப் பார்த்தார். சைக்கிளைச் சாய்த்துவிட்டு எங்கள் வரிசையில் வந்து நின்று, சிப்பாய்க்குக் குனிந்தார்.

சிப்பாய் மறுபடி எண்ணினான். கணக்குச் சரி. போகச் சொன்னான், நாலு பேரையும் ஒன்றாக. கோத்தா கோலா மூடாவிலிருந்து பெண்டாங்குக்குக் கருவாடு விற்கக் கிளம்பிய மனிதர், வந்த வழியே எங்களோடு திரும்பினார். சாவடி கண்ணுக்கு மறைகிறவரை வாய் திறக்கவில்லை. மறைந்த பிறகு கோலா கெத்தில் வரை வாயை மூடவில்லை. "கல்லை ஆளுன்னு சொன்னானாம்! படிக்கிற பசங்களாம்! மூளைக்குப் பதிலா அந்தக் குழவியத்தான்டா வச்சிருக்கீங்க!" மறுபடி அந்தச் சாவடி வழியாகத் தனியாகப் போக முடியாமல், விற்காத கருவாட்டோடு வீடு திரும்பவும் மனமில்லாமல், கல்யாணம் முடியும் வரை அங்கேயே தங்கினார். சைவக் கல்யாண வீடு முழுக்கக் கருவாட்டு வாடை. ஆனால் பந்தியில் அரிசிச் சோறு விழுந்தது, அக்கா கழுத்தில் தாலி ஏறியது. முதல் இலை அவருக்குத்தான் போட்டார்கள்; திட்டிக்கொண்டே சாப்பிட்டார்.

அவர் பெயர் கருப்பையா. சண்டை முடிந்து சில வருஷம் கழித்து, அவருடைய மகளைப் பெண் கேட்டுக் கோத்தா கோலா மூடாவுக்குப் போனேன். கருவாட்டுக்காரர் வீட்டில் சம்பந்தமா என்று சித்தப்பா கோபித்துக்கொண்டு வரவில்லை. மாணிக்கமும் ஜோசப்பும்தான் துணைக்கு வந்தார்கள். வாசலில் நின்றவர் எங்களை விரல்விட்டு எண்ணினார். என் வீட்டில் இன்றும் எந்த நல்ல காரியத்துக்குக் கிளம்பினாலும் யாராவது ஒருவர் அவர் குரலிலேயே சொல்லிக்காட்டுவது, அன்றைக்கு அவர் கேட்ட அந்த ஒரு கேள்வியைத்தான்:

"மறுபடியும் மூணு பேராத்தான் வந்திருக்கீங்க. இதுக்கும் நாலாவது ஆளு நானாடா?"