கம்பசுக்கும் பொருத்தம் பார்த்த புறோக்கர்

யாழ்ப்பாணத்தில் செத்தவர்களைத் தவிர மற்ற எல்லாருக்கும் சம்பந்தம் பேசியவர் எங்கள் குடைப் புறோக்கர். மாரியோ கோடையோ, கக்கத்தில் ஒரு கறுப்புக் குடை. அது விரிந்து ஒருவரும் கண்டதில்லை. சொந்தப் பெயரை அவருடைய மனைவியே மறந்திருப்பார் என்று நினைக்கிறேன். மொட்டை மாப்பிள்ளையை ‘அகண்ட நெற்றி’ என்பார். வேலைவெட்டி இல்லாதவனா? ‘ஒருத்தருக்கும் கைகட்டாத பெடியன்.’

எண்பதுகளின் நடுவில் எனக்கு ஏ.எல். சோதனை முடிவு வந்தது. உள்ளூர்ப் பல்கலைக்கழகம், எங்கள் வாயில் கம்பஸ், கிடைத்தது. காசு கட்டத் தேவையில்லை. சைக்கிளில் போய் மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். அதே கிழமை லண்டனில், ஆட்களைப் பொறுக்கி எடுக்கிற ஒரு பெரிய கொலிச்சும் வரச் சொல்லிவிட்டது. அதற்கு நீர்வேலி வாழைத்தோட்டத்தை விற்க வேண்டும். அது அக்காவுக்கென்று வைத்த சீதனக் காணி.

“நாடு கிடக்கிற கிடையிலை பெடியனாவது தப்பிப் போகட்டும்” என்றார் அப்பா. அக்கா கத்தரிக்காயைப் பொடிப்பொடியாக வெட்டினாள். நானோ கக்கூசிலேயே பாதிப் பட்டத்தை முடித்துவிட்டேன். இருட்டினால் அங்கே போகக்கூட டோர்ச்லைட்டும் அம்மாவும் வேண்டிய வீரன், லண்டனில் தனியாக என்ன செய்வேன்? பயம் என்று சொல்லவும் வெட்கம்.

அக்காவின் விஷயமாக வந்த புறோக்கரிடம் அப்பா இதைச் சொன்னார். மனிசன் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அப்ப ரெண்டு இடத்தாலை கேட்டு வந்திருக்கு. சாதகம் இருக்கோ?”

“பெடியன்ரையோ?”

“கம்பசின்ரையும் கொலிச்சின்ரையும். துவங்கின நாள், நேரம். பொருத்தம் பாக்காமல் பெடியனை அனுப்புறதோ?”

அப்பா முழித்தார். புறோக்கர் விடவில்லை.

“கம்பஸ் எங்கடை ஊர்ப் பிள்ளை. குணம் தெரியும். ஒண்டும் கேளாமல் வரச் சொல்லுது. லண்டன்காரி வடிவுதான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் காணியெல்லோ கேக்கிறாள்!” குடையை ஊன்றி எழும்பினார். “ஐயா, ஆம்பிளைப் பிள்ளையைப் பெத்துப்போட்டு நீங்கள் சீதனம் குடுக்கப் போறியளோ? வெளியிலை கதைச்சுப் போடாதேங்கோ. மானம் போயிடும்!”

செலவு, சண்டை, எதிர்காலம் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்த அப்பா, மானம் என்றதும் விழுந்துவிட்டார். காணி பார்க்க வந்த ஆளை அன்றைக்கே திருப்பி அனுப்பிவிட்டார். நான் வெளிக்கு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன். உள்ளுக்குள் பயங்கரப் பசி. அக்கா கேளாமலே எனக்கு இரண்டு முட்டை பொரித்துத் தந்தாள்.

வாசல் படலையடியில் புறோக்கர் என் காதோடு சொன்னார்: “தம்பி, உன்ரை முகத்தைப் பாத்தன், பேயறைஞ்ச மாதிரிக் கிடந்தது. அதுதான் அப்பிடி ஒரு போடு போட்டனான். கம்பஸிலை ஆரும் பிள்ளையை மனசுக்குப் பிடிச்சால் முதல் எனக்குச் சொல்லோணும், என்ன?”

“ஓம் ஐயா.”

மூன்றாம் வருஷம் ஒருத்தியைப் பிடித்துப் போனது. அம்மாவுக்குச் சொல்ல முதல், ஏன், அவளுக்கே சொல்ல முதல், சைக்கிளை மிதித்து குடைப் புறோக்கரிடம்தான் ஓடினேன்.