பச்சை அட்டை வேண்டாதவர்

காயத்தில் குறை வைக்க விரும்பாத மனிதர்கள் என்று ஓர் இனம் உண்டு; பார்த்திருப்பீர்கள். உங்களுக்குத் தலைவலி என்றால் அவர்களுக்கு ஒற்றைத் தலைவலி, உங்களுக்குக் காய்ச்சல் என்றால் அவர்களுக்கு டெங்கு, உங்களுக்கே டெங்கு என்றால் "பிளேட்லெட் எவ்வளவு இறங்குச்சு?" என்று கேட்டு, பதிலைக் காதில் வாங்காமல், தங்களுக்கு அதைவிடக் கீழே இறங்கிய கதையை ஆரம்பிப்பார்கள். 'இப்போது தேவலையா?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கோபம் வரும்.

சாந்தோம் ஃபிரெட்ரிக் இந்த இனத்தின் மூத்த பிரதிநிதி. ஓய்வுபெற்ற ஆசிரியர், பங்குக் கோவில் நாடகத்தில் வருடா வருடம் வசனமில்லாமல் ஈட்டி பிடித்து நிற்கும் சிப்பாய். தங்கை மகள் ரெனிட்டா, "மாமா, விபத்து ஒத்திகைக்கு அடிபட்டவரா நடிக்கணும்" என்றபோது தேதிகூடக் கேட்காமல் ஒப்புக்கொண்டார்.

ரெனிட்டா அடையாற்றில் நர்சிங் நிர்வாகம் முதுகலை படிக்கிறாள். அன்று பேரிடர் மேலாண்மைச் செய்முறைத் தேர்வு. மைதானத்தில் ஒரு பேருந்து கவிழ்ந்து கிடப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். சட்டையில் குத்திய சீட்டில் இருக்கும் காயத்தைப் படித்து, ஒவ்வொருவர் கழுத்திலும் அவள் அட்டை மாட்ட வேண்டும். உடனே தூக்க வேண்டியவருக்குச் சிவப்பு, காத்திருக்கக்கூடியவருக்கு மஞ்சள், நடக்கக்கூடியவருக்குப் பச்சை, முடிந்துபோனவருக்குக் கறுப்பு. போன தடவை நடிக்க வந்த கூட்டத்தைக் கட்டுக்குள் வைக்க முடியாமல் தோற்றாள். இந்தத் தடவையும் தோற்றால் ஒரு வருடம் வீண்.

மாமாவுக்குப் பச்சை மாட்டினாள்.

"பச்சையா? எனக்கா?"

"முட்டியில சிராய்ப்புதான் மாமா. எந்திரிச்சு வேப்பமரத்துக்கிட்ட போங்க."

"சிராய்ப்புன்னுதான் ஆரம்பிக்கும். உள்ளே ரத்தம் கசியறது உனக்கெப்படித் தெரியும்?"

அவள் நகர்ந்ததும், பக்கத்தில் நெஞ்சில் அடிபட்டுக் கிடக்க வேண்டிய மீன்கார ஜெசிந்தாவிடம் குனிந்தார். அவள் கழுத்தில் சிவப்பு.

"மாத்திக்கலாமா?"

"தாராளமா எட்துக்கோ நைனா. வெயில்ல படுத்துக்கினு முதுகு வேவுது."

நெஞ்சில் அடிபட்டவள் மரத்தடிக்குப் போய் மோர் குடித்தாள். முட்டி சிராய்த்தவர் மைதானம் அதிர முனகினார். கேட்டுக்கொண்டிருந்த மஞ்சள் அட்டைகளெல்லாம் எழுந்து உட்கார்ந்தன. "அவருக்குச் சிவப்புன்னா எனக்கு மட்டும் ஏன் இது?" ஓரமாக நின்ற தேர்வாளர் மதிப்பெண்ணைக் குறைக்கப் பேனாவைத் திறந்தார்.

ரெனிட்டா கத்தவில்லை. மாமாவின் காதருகே மண்டியிட்டாள்.

"உங்க நிலைமை இவ்வளவு மோசம்னு தெரியாமப் போச்சு மாமா. சிவப்பையே தாண்டிட்டீங்க."

"அப்படியா?" குரலில் எவ்வளவு சந்தோஷம்!

சிவப்பைக் கழற்றிக் கறுப்பை மாட்டி, வெள்ளைத் துணியைத் தலைவரை இழுத்து மூடினாள். "இனி பேசக்கூடாது."

மைதானம் அந்தத் துணியைப் பார்த்தது. அதன் பிறகு யாரும் பதவி உயர்வு கேட்கவில்லை. "நான் மறுபடியும் படுக்கணுமா? இன்னாம்மா இது!" என்று அலுத்தபடி ஜெசிந்தாவும் தன் சிவப்புக்குத் திரும்பினாள்.

"சிராய்ப்புக்குக் கறுப்பா?" என்றார் தேர்வாளர்.

"காயத்துக்குப் பச்சைதான் மேடம். இது கூட்டத்துக்கு."

தேர்வாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மதிப்பெண் போட்டார். ரெனிட்டா தேறினாள்.

போண்டா வந்தபோது துணிக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது.

"செத்தவங்களுக்குக் கிடையாது மாமா."

அதனாலென்ன? மறுநாள் பூசை முடிந்து கோவில் வாசலில் ஜெசிந்தா தன் நெஞ்சடியை விவரித்துக்கொண்டிருந்தபோது அவர் குறுக்கிட்டார். "சிவப்பெல்லாம் ஒரு அடியா? நான் போயே போயிட்டேன்!"

சிரிக்கிறீர்கள். போன வாரம் நண்பர் முட்டிவலி என்று வாயெடுத்ததும், "என் முட்டியைப் பார்க்கணுமே" என்று காலை நீட்டியது யார்? கழுத்தைத் தடவிப் பாருங்கள். பச்சையாக இருந்தால், தயவுசெய்து எழுந்து நடங்கள்.