குரோமியத்துக்கு வந்த தோஷம்

"ராசி, நட்சத்திரம், கிளி ஜோசியம் எல்லாம் மூடநம்பிக்கை. மனிதனின் தலையெழுத்தை எழுதுவது எலக்ட்ரான்!"

ஒத்தக்கடையில் செல்போன் கடை மாடியிலிருந்து 'அணு ஜோதிட ரத்னா' கண்ணுச்சாமி இப்படி அறிவித்ததும் மதுரைக்கு அறிவியல் ஆர்வம் பொங்கிவிட்டது. மேலூர் பேருந்துகளில் படிக்கட்டுவரை விஞ்ஞானிகள் தொங்கினார்கள்.

முறை எளிது. பிறந்த தேதிதான் அணு எண். பதினொன்று என்றால் சோடியம். தண்ணீர்ப் பக்கமே போகக் கூடாது. இருபத்தாறு என்றால் இரும்பு. மழையில் நனையக் கூடாது. எழுபத்தொன்பதாம் எண் தங்கம் எந்தத் தேதியில் பிறக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

விளாங்குடி ஒச்சாயி, மகன் அருள்பாண்டியோடு அவனுக்குப் பேசிவைத்த பெண்ணையும் அழைத்து வந்திருந்தார். பெண் திவ்யா, வேதியியல் கடைசி வருடம். பிறந்த தேதி இருபத்துநான்கு.

கண்ணுச்சாமி பலகையில் நான்கு வட்டம் போட்டார். "குரோமியம் ஆத்தா. கடைசி வட்டத்துல ரெண்டு எலக்ட்ரான் இருக்கணும். ஒண்ணு உள்வட்டத்துக்குத் தாவிருச்சு. பொண்ணு வீடு தங்காது."

ஒச்சாயியின் முகம் வெளுத்தது. "அப்ப கல்யாணத்த நிறுத்திரவாண்ணே?"

அருள்பாண்டி திவ்யாவைப் பார்த்தான். தன் பைக்கின் குரோமியம் பூசிய சைலன்சரைக்கூட அவன் அவ்வளவு ஏக்கமாகப் பார்த்ததில்லை.

"பரிகாரம் இருக்கு," என்றார் கண்ணுச்சாமி. "செம்பு மோதிரம். செம்பு அடக்கமான தனிமம். அது விரல்ல இருந்தா எலக்ட்ரான் நகராது."

வரிசையில் நின்றவர்கள் விரல்களை நீட்டி ஆளுக்கொரு மோதிரம் மாட்டிக்கொண்டார்கள்.

"அண்ணே," என்றாள் திவ்யா, "செம்புக்கும் அதே வட்டத்தப் போட்டுக் காட்டுங்களேன்."

"அதெல்லாம் ஒனக்குப் புரியாதும்மா."

"பிளஸ் ஒன் பாடந்தாண்ணே."

அருள்பாண்டி போனில் தேடி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் படித்தான்: "ரெண்டு, எட்டு, பதினெட்டு, ஒண்ணு."

"கடைசியில ஒண்ணுதான். செம்புலயும் ஒரு எலக்ட்ரான் உள்ள தாவிருச்சு. எனக்குச் சொன்ன தோஷந்தான் இவரு மோதிரத்துக்கும்." திவ்யா ஒச்சாயி பக்கம் திரும்பினாள். "அது நிம்மதியா இருக்கத்தான் எடம் மாறுது அத்தே. எந்த எலக்ட்ரானும் நம்ம கல்யாணத்த விசாரிக்கிறதில்ல."

ஒச்சாயி எழுந்தார். "ஏய்யா, ஓடுறவளப் பிடிச்சுக்கட்ட இன்னொரு ஓடுகாலியவா விக்கிற?"

மாடியே சிரித்தது. மோதிரங்கள் மேசையில் கலகலவென்று விழுந்தன. கண்ணுச்சாமி பலகையை அழிப்பதில் மும்முரமானார்.

"வா ஆத்தா," என்று ஒச்சாயி திவ்யாவின் கையைப் பிடித்தார். "கல்யாணப் பத்திரிகை அடிக்கச் சொல்லிட்டுப் போயிருவோம்."

மறுவாரம், துண்டால் முகத்தை மூடிய ஒருவர் தெப்பக்குளத்துப் பக்கம் கிளி ஜோசியர் முன் குத்தவைத்தார். கண்ணுச்சாமிதான்.

"தொழில் எப்ப தலதூக்கும்னு பாருண்ணே," என்றார் மெல்ல.

கிளி வெளியே வந்தது. சீட்டை எடுக்கும் முன் தலையைச் சாய்த்து ஒரு கணம் யோசித்தது. ஒத்தக்கடை வரிசையில் நின்ற நம்மில் பலர் அதைக்கூடச் செய்யவில்லை.