மங்களம் பாடாத மன்றத்தின் வரலாறு

கோவில்பத்து, காரைக்கால்.
ஞாயிறு காலை.

பிரான்சில் சகல சௌகரியங்களோடும் குளிரோடும் வாழும் அன்பு மைத்துனர் கார்த்திகேசனுக்கு, அத்தான் சிதம்பரநாதன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அக்காவும் மகள் தமிழ்மொழியும் நலம். என் முழங்கால் மட்டும் நலமில்லை. அதைக் குடும்பத்தில் சேர்ப்பதில்லை என்று உங்கள் அக்கா முடிவு செய்துவிட்டாள்.

உங்கள் ஊர்த் தமிழ்ச் சங்க மலருக்காக நம் இசை நாடக மன்றத்தின் வரலாற்றை இரண்டு பக்கத்தில் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். மன்னிக்கவும், முடியாது. மன்றத்தை நேற்று மாலை கலைத்துவிட்டேன். செயலாளர் என்ற முறையில் நானே தீர்மானம் எழுதி, நானே முன்மொழிந்து, நானே வழிமொழிந்து கையெழுத்தும் போட்டாயிற்று. காரணத்தைச் சொல்லாவிட்டால் மனது கேட்காது என்பதால், மலருக்காக இல்லாமல் உங்களுக்காக மட்டும் எழுதுகிறேன்.

தொண்ணூற்றொன்றில் மன்றத்தைத் தொடங்கியவர்கள் மூன்று பேர். குமாஸ்தாவாக இருந்த நான், வேலை தேடிக்கொண்டிருந்த நீங்கள், கடிகாரம் பழுது பார்த்துக்கொண்டே ஆர்மோனியம் வாசித்த காஜா நஜ்முதீன் பாய். முதல் நாடகத்துக்கே பாய் ஒரு மங்களப் பாட்டு எழுதி மெட்டும் போட்டார். ‘பார்த்தவர் வாழ்க, பொறுத்தவர் வாழ்க’ என்று தொடங்கும். எந்த நாடகமானாலும் கடைசியில் எல்லோரும் வரிசையாக நின்று அதைப் பாடித்தான் முடிக்க வேண்டும் என்று விதியும் எழுதினோம். பன்னிரண்டு நாடகம் போட்டோம், மச்சான். ஒன்றுகூடக் கடைசிக் காட்சி வரை போய்ச் சேரவில்லை. ஆகவே அந்தப் பாட்டு மேடை ஏறவே இல்லை.

முதல் நாடகம் எங்கே நின்றது என்று உங்களுக்கே தெரியும். மூன்றாம் காட்சி தொடங்கி நீங்கள் சிம்மாசனத்தில் உட்கார்ந்ததும், உங்கள் அப்பா மேடையோரம் வந்து, “பாரீசுக்குப் பேப்பர் வந்துடுச்சு, எறங்குடா” என்றார். நீங்களும் கிரீடத்தோடு இறங்கிப் போய்விட்டீர்கள். மந்திரியாக நின்ற நான், ராஜா இல்லாத சபையில் அரை மணி நேரம் நாட்டில் மழை பொழிகிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். பாய் உங்களை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. “புள்ளைக்கு நல்லது நடந்துருக்கு. பாட்டு எங்க போயிரப்போவுது” என்றார். அடுத்த நாடகத்துக்கு, நெரவியிலிருந்து பத்துப் பேரைப் படைவீரர்களாகச் சேர்த்தோம். போர்க்களக் காட்சியில் யாரோ வந்து, “வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சு” என்று சொல்ல, இரண்டு நாட்டுப் படைகளும் ஒற்றுமையாக மண்வெட்டியைத் தேடிப் போய்விட்டன. காய்ந்து கிடந்த வயல்காரர்களை என்ன சொல்ல முடியும்? மீன்பிடித் தடைக்காலத்தில் சனம் கரையில்தான் இருக்கும் என்று திட்டம் போட்டுக் கருக்களாச்சேரிக்குப் போனோம். தடை அன்றோடு முடிகிறது என்பதை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. நான்காம் காட்சியில் வலை ஏற்றக் கிளம்பியவர்கள், ஒவ்வொருவராக மேடைக்கு வந்து மரியாதையாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். மற்ற வருஷங்களில் மழை, மின்வெட்டு, கதாநாயகிக்குப் பிரசவ வலி. சொல்லி மாளாது.

போன மாதம் பாய் என் வீட்டுக்கு வந்தார். அவர் மனைவி இறந்த பிறகு தனியாக இருக்க வேண்டாமென்று மகள் ஷஃபீனா துபாய்க்கே அழைத்துக்கொள்கிறாள். வருகிற வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட். போவதற்கு மட்டும்தான், திரும்புவதற்கு இல்லை. “செயலாளரே, ஒரே ஒரு தடவ அந்தப் பாட்ட சனம் கேக்கணும். அப்புறம் நிம்மதியாப் போயிருவேன்” என்றார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

அவருக்காக நம் முதல் நாடகத்தையே எடுத்தோம். ராணியாக நடிக்க வந்த பள்ளி ஆசிரியை தையல்நாயகிதான் யோசனை சொன்னார். “கடைசி வரைக்கும் போனாத்தானே சார் பிரச்சின? மொதல்லயே பாடிருவோம்.” முப்பது வருஷமாக இது நமக்குத் தோன்றவில்லையே என்று எல்லோரும் வெட்கப்பட்டோம்.

நேற்று மாலை ஆறு மணிக்குக் கல்யாண மண்டபத்தில் முந்நூறு பேர். திரை விலகியது. பாய் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார், நாங்கள் வரிசையாக நின்று பாடினோம். ஒரு சுரம் பிசகவில்லை. எனக்கு அழுகை வந்து ஒட்டுத்தாடி ஒரு பக்கம் கழன்றுவிட்டது. சனம் பலமாகக் கைதட்டியது. பிறகு முந்நூறு பேரும் எழுந்து செருப்பைத் தேடப் போய்விட்டார்கள்.

நம் ஊரில் மங்களம் கேட்ட பிறகு யார் உட்கார்ந்திருப்பார்கள்? இது எங்களில் ஒருவருக்குக்கூட உறைக்கவில்லை. தாமதமாக வந்துவிட்டோமோ என்று, பாய் பழுது பார்த்துக் கொடுத்த கைக்கடிகாரங்களைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே போனார்கள். நான் மந்திரி உடையோடு வாசலுக்கு ஓடி, “இன்னும் நாடகமே ஆரம்பிக்கலைங்க” என்றேன். “பரவால்லங்க, சுருக்கமா நல்லா இருந்துச்சு” என்று கையைக் குலுக்கினார் ஒருவர். திரும்பி வந்து பார்த்தால், பாய் ஆர்மோனியத்தை மூடி எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வீட்டுக்குப் போயிருந்தார். கடைசி ஆசையையும் கேலிக்கூத்தாக்கி அனுப்பிவிட்டேனே என்று மனது உடைந்துதான் தீர்மானத்தை எழுதினேன்.

ஆகவே மலரில் வேறு யாராவது ஒழுங்கான மன்றத்தைப் பற்றிப் போடவும். உங்கள் குடும்பம் நோய்நொடியில்லாமல், எடுத்த காரியத்தை முடித்து, நீடூழி வாழ எங்கள் இருவரின் ஆசிகள்.

இப்படிக்கு,
முன்னாள் செயலாளர்,
சிதம்பரநாதன்

பின்குறிப்பு: இதைத் தமிழ்மொழி வாட்ஸப்பில் அனுப்பப் படம் எடுக்கும்போது பாய் வந்துவிட்டார். நேற்றிரவு நன்றாகத் தூங்கினாராம். காலையில் டீக்கடையில் நாலு பேர் அவரை மறித்து, “கடைசில எல்லாரும் அவ்வளவு சந்தோஷமாப் பாடுனீங்களே, அதுக்கு முன்னாடி கதையில என்னங்க நடந்துச்சு?” என்று கேட்டிருக்கிறார்கள். “முடிவு நல்லபடியா அமைஞ்சிருச்சு செயலாளரே. மத்ததையும் பாத்துருவோமா? திரும்பி வர டிக்கெட்டும் போடச் சொல்லிட்டேன். தைக்கு வந்துருவேன், இன்ஷா அல்லாஹ்” என்கிறார். தீர்மானத்தைக் கிழித்துவிட்டேன். முன்னாள் என்பதை அடித்துவிட்டுப் படிக்கவும். நேற்று ராஜாவாக இருந்த கோவிந்தராசு பதவியைத் துறந்துவிட்டார், கிரீடமோ உங்களிடம் இருக்கிறது. தை மாதம் எடுத்துக்கொண்டு வாருங்கள். முதல் இரண்டு காட்சிகளைத் தொண்ணூற்றொன்றிலேயே நடித்துவிட்டீர்கள், மங்களம் நேற்று ஆயிற்று. நடுவில் உள்ளது மட்டும்தான் பாக்கி.