என் இன்ஜெக்டர் உங்கள் வண்டியில் இருக்கிறது

அன்பும் பொறுமையும் நிறைந்த சகலை அவர்களுக்கு,

உங்கள் பெரிய சகலை எழுதிக்கொள்வது. இங்கே வீட்டில் எல்லோரும் சுகம், என்னைத் தவிர. அங்கே நீங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள் என்று தெரியும். என் சுகக்கேட்டுக்குப் பாதிக் காரணம் அதுதான். உங்கள் மனைவியை விசாரித்ததாகச் சொல்லவும். உங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வியாபாரம் நன்றாக நடக்கட்டும். ரொம்ப நன்றாக நடக்க வேண்டாம்.

நாலு தெரு தள்ளி இருக்கிற ஆளுக்கு ஃபோனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். ஃபோனில் சொன்னால் நான் முடிப்பதற்குள் "பரவாயில்லை, விடுங்க சகலை" என்று சொல்லிவிடுவீர்கள். அந்த "பரவாயில்லை"யைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் மேல் எனக்குப் பொறாமை. சாதாரணப் பொறாமை இல்லை, சோறு இறங்காத பொறாமை. அது எனக்கு எப்போது வந்தது என்றும் தெரியும். நீங்கள் பழைய மோட்டார் சைக்கிளை ஓட்டை உடைசலாக வாங்கி, கடையின் பின்னறையில் ஆறு மாதம் உட்கார்ந்து சரிபண்ணி, ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினீர்களே, அன்றைக்கு வந்தது. உங்கள் மனைவியின் அக்கா, அதாவது என் மனைவி, பின்னால் ஏறி உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தாள். போனது பத்து நிமிஷம் என்று நீங்கள் சொல்வீர்கள். இருபத்திரண்டு நிமிஷம். முப்பது வருஷம் எடை அளவு ஆய்வாளராக இருந்து கடைத் தராசுக்கெல்லாம் முத்திரை குத்தியவன் நான், எனக்கு அளவு தப்பாது. இறங்கும்போது அவள் சிரித்தாள். வாயைக் கையால் மூடிக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர. அந்தச் சிரிப்பை நான் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று யோசித்துப் பார்த்தேன், சகலை. ஞாபகமே வரவில்லை.

அவ்வளவுதான், மறுமாதமே அதே கம்பெனி, அதே மாடல், அதே வருஷத்து வண்டியைத் தேடிப்பிடித்து வாங்கினேன். உங்களுடையது நீலம் என்பதால் என்னுடையது சிவப்பு. வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதை என்று இவள் அன்றைக்கே சொன்னாள். நீங்கள் வந்து சுற்றிப் பார்த்தீர்கள், அங்கங்கே தட்டினீர்கள், கடைசியில், "எல்லாத்தையும் நீங்களே பிரிச்சு மாட்டுங்க சகலை, இன்ஜெக்டர்ல மட்டும் கை வைக்காதீங்க, அதை என்கிட்ட கொடுங்க, நான் சுத்தம் பண்ணித் தரேன்" என்றீர்கள். நல்ல எண்ணத்தில் சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியும். அதுதான் பொறுக்கவில்லை. எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பூந்தூறலாகப் பீய்ச்சுகிற, விரல் நீளம் இருக்கிற ஒரு சாமான், எஞ்சினின் இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொன்று. அதைச் சுத்தம் பண்ண எனக்குத் துப்பில்லை என்று இவள் முன்னால் சொல்லிவிட்டீர்களே!

டேங்க்கைக் கழற்றினேன். குழாயில் பெட்ரோல் அழுத்தத்தோடு நிற்கும், முதலில் அதை இறக்கிவிட வேண்டும் என்று புத்தகத்தில் எட்டாம் பக்கத்தில் இருக்கிறது. நான் ஏழாம் பக்கத்தில் இருந்தேன். பீய்ச்சியடித்ததில் என் சட்டை நனைந்தது போகட்டும், கொடியில் காய்ந்துகொண்டிருந்த இவளுடைய நர்ஸ் யூனிஃபார்ம் இரண்டும் நனைந்து, மறுநாள் வார்டில் இவள் நுழைந்ததும் ஒரு நோயாளி, "சிஸ்டர், ஜெனரேட்டர்ல ஏதாவது கோளாறா?" என்று கேட்டாராம். வீட்டுக்கு வந்து என்னைத் திட்டினாளா? இல்லை. ஃபோனை எடுத்து உங்களுக்குப் போட்டாள். "உங்க சகலை முதல்லயே அழுத்தத்தை இறக்கச் சொன்னாராமே" என்று என்னிடம் சொன்னாள். அன்றையிலிருந்து வீட்டில் எது நடந்தாலும் "உங்க சகலை சொன்னார்"தான். சகலை சொன்னார் தரையில ஸ்க்ரூவைக் கொட்டி வைக்காதீங்க, சகலை சொன்னார் ரப்பர் வளையத்தைக் கழட்டிட்டு ஊறவைங்க. அதை மட்டும் வேண்டுமென்றே கழற்றாமல் பெயின்ட் தின்னரில் ஊறப்போட்டேன். நாலு வளையமும் உப்பி, இவள் சுண்டுவிரலில் மோதிரமாகப் போடுகிற அளவுக்கு வந்துவிட்டது. புது வளையம் வாங்கிவந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை.

கண்ணாடியைத் தண்ணீரில் போட்டு அதிரவைத்துக் கழுவுகிற சின்ன மெஷின் உங்கள் கடையில் இருக்குமே, "மூக்குக்கண்ணாடி ஒரே எண்ணெய்ப் பிசுக்கு" என்று சொல்லி நாலு நாளைக்கு இரவல் வாங்கினேன் அல்லவா? அது இதற்குத்தான். உங்களிடம் சுத்தம் பண்ணக் கொடுக்க மாட்டேன், உங்கள் மெஷினில் நான் பண்ணுவேன். அது என் ரோஷம். அதிர்கிற நேரத்தில் இன்ஜெக்டர் திறந்து திறந்து மூட வேண்டுமாம், அப்போதுதான் உள்ளே இருக்கிற கசடு வெளியே வருமாம். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன், அது மட்டும் முழுக்க என் சொந்த மூளை: வண்டியின் இண்டிகேட்டரை மினுக்க வைக்கிற ஃபிளாஷரைக் கழற்றி, பேட்டரிக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவில் கொடுத்துவிட்டேன். டிக், டிக், டிக். சமையலறை மேடையில் அது டிக்கிட, நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அந்த அழகை ரசித்தேன். இவள் எட்டிப்பார்த்து, "இடது பக்கம் திரும்புதா, வலது பக்கமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். நீங்கள் செய்திருந்தால் வீடியோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டு மூன்று இதயம் கொடுத்திருப்பாள்.

பிறகு அளவு பார்த்தேன். இரண்டு இன்ஜெக்டரும் ஒரே அளவு பீய்ச்ச வேண்டும். இவள் மருந்து அலமாரியிலிருந்து கோடு போட்ட இரண்டு பிளாஸ்டிக் குப்பிகளை எடுத்து, ஆளுக்கொன்றாகக் கீழே வைத்து, ஒரு நிமிஷம் ஓடவிட்டேன். ஒன்று எட்டுக் கோடு. இன்னொன்று நாலு கோடு. மறுபடி கழுவினேன். எட்டு, நாலு. மூன்றாம் தரம். எட்டு, நாலு. பாதிக்குப் பாதி குறைகிற தராசை நான் பார்த்திருந்தால் கடையையே பூட்டியிருப்பேன். அதே மாதிரி இரண்டு இன்ஜெக்டர், இரண்டும் சரியாக, உங்கள் வண்டியில் இருக்கிறதே என்று நினைத்தேன். அந்த நினைப்புத்தான் என்னைக் கெடுத்தது.

போன வியாழக்கிழமை மெஷினைத் திருப்பிக்கொடுக்க வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? பெயின்ட் அடிக்க டேங்க்கைக் கழற்றி வைத்திருந்தீர்கள். பின்னறையில் உங்கள் வண்டி தொப்பி இல்லாத தலை மாதிரி நின்றது. முன்னால் ஒரு அம்மாவுக்கு நீங்கள் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தீர்கள். "இது தெளிவா இருக்கா, இது தெளிவா இருக்கா" என்று உங்கள் குரல் கேட்டுக்கொண்டே இருக்க, நான் உங்கள் இடது இன்ஜெக்டரைக் கழற்றி என் பையில் போட்டு, என் நாலு கோட்டுக்காரனை அங்கே மாட்டிவிட்டேன். ஆமாம், திருட்டுத்தான். அளவு குறைந்த சரக்கை அடுத்தவன் தலையில் கட்டுகிற அதே திருட்டு. முப்பது வருஷம் எதைப் பிடித்தேனோ அதை நானே செய்தேன். வெளியே வந்தால் உங்கள் மனைவி டீயோடு நிற்கிறாள். "என்ன மாமா, பெட்ரோல் வாடை அடிக்குது?" "வர்ற வழியில வண்டிக்குப் போட்டேன்மா." "நீங்க நடந்துதானே வந்தீங்க?" டீயை ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டு ஓடிவந்தேன்.

வீட்டுக்கு வந்து மாட்டி ஸ்டார்ட் பண்ணினால், வண்டி ஒரு பக்கம் மட்டும் இழுக்கிறது. ஒற்றை மூக்கு அடைத்துக்கொண்ட ஆள் மாதிரி உர் உர் என்கிறது. சனிக்கிழமை நீங்கள் டேங்க்கை மாட்டி வீடியோ போட்டீர்கள். என் குறை இன்ஜெக்டரை வைத்துக்கொண்டு உங்கள் வண்டி பாடுகிறது! திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியுமா? "அவர் கைராசி அப்படி" என்று இவள் சொல்ல, நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆமா, நல்ல கைராசி" என்றேன். அந்த நேரத்தில் உங்களை எனக்குக் கொஞ்சங்கூடப் பிடிக்கவில்லை சகலை, மறைப்பானேன்.

நேற்றுக் காலை துணி துவைக்கும்போது இவள் இரண்டு விஷயம் கேட்டாள். "மருந்துக் குப்பியில பெட்ரோல் நாத்தம் அடிக்குதே, எதுக்கு எடுத்தீங்க?" அளந்து பார்க்க என்றேன். "அது பெரியவங்க குப்பி, இது குழந்தைங்க குப்பி. அதுல ஒரு கோடுன்னா இதுல ரெண்டு கோடு. இது கூடவா தெரியாது?" குப்பியை இடம் மாற்றி வைத்து ஒரு தடவை அளந்து பார்ப்பதுதான் ஆய்வாளருக்கு முதல் பாடம். நானே எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். இரண்டு இன்ஜெக்டருமே சரியாகத்தான் இருந்திருக்கிறது, நல்ல சரக்கைத்தான் உங்களிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். நான் கோடுகளை எண்ணிக்கொண்டிருக்கும்போதே அடுத்தது: "நாலு கைக்குட்டையில மூணுதான் துவைக்க வந்திருக்கு. தூசி போகக்கூடாதுன்னு எஞ்சின் காத்துக் குழாய்ல ரெண்டை அடைச்சீங்களே, ரெண்டையும் எடுத்தீங்களா?"

எடுக்கவில்லை. இவளுடைய இடுக்கியை விட்டு இழுத்தால் கட்டம் போட்ட கைக்குட்டை கன்னங்கரேலென்று வருகிறது. மாட்டி ஸ்டார்ட் பண்ணினேன். அப்பா! இரண்டு பக்கமும் ஒன்றாய்ச் சேர்ந்து ஒரு சத்தம் வந்தது பாருங்கள், எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு, சட்டை மாற்றி, தலை சீவி, பின் சீட்டைத் துணியால் துடைத்து, "ஏறு, ஒரு சுற்றுப் போயிட்டு வரலாம்" என்றேன். பார்த்தாள். "எனக்கு வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

உங்கள் வண்டியில் ஏறும்போது வேலை இல்லையே சகலை? அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைதான், அன்றைக்கும் துணி கிடந்தது. அஞ்சு மாசம் நான் முதுகு ஒடிய உட்கார்ந்தது எதுக்கு? அந்த ஒரு சிரிப்புக்குத்தானே! ஆகையால் கண்டிப்பாகச் சொல்கிறேன்: இனிமேல் உங்கள் வண்டியை எங்கள் தெருவுக்குக் கொண்டுவரக் கூடாது. குரூப்பில் வீடியோ போடக் கூடாது. உங்கள் இன்ஜெக்டரைத் திருப்பித் தந்துவிடுகிறேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள். வரும்போது நடந்து வாருங்கள். கொஞ்ச நாளைக்கு நாம் பேசாமல் இருப்பது இரண்டு குடும்பத்துக்கும் நல்லது. மற்றபடி மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள வேண்டாம். நீங்களும் உங்கள் மனைவியும் எல்லா வளமும் பெற்று, என் கண்ணில் படாத தூரத்தில், நீடூழி வாழ மூத்தவன் என்ற முறையில் ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
வயிறு எரியும்,
பெரிய சகலை

பி.கு. (மறுநாள்): நேற்று ராத்திரி உறையில் போடுவதற்குள் இவள் கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். கண் பரிசோதனை இடம் வந்ததும் வாயைக் கையால் மூடினாள். டீ குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்ட இடத்தில் தோள் குலுங்க ஆரம்பித்து, கைக்குட்டை வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள் சகலை. என் வீட்டில், என்னைப் பார்த்து! பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கிற மைதானத்தில் நீங்கள் இறங்கி, ஹேண்டிலை அவள் கையில் கொடுத்துவிட்டு, செருப்பு பிய்ய வண்டியோடு ஓடினீர்களாமே. மூன்று சுற்று அவளே ஓட்டினாளாமே. நான் கேலி பண்ணுவேன் என்று, என்னிடம் சொல்ல வேண்டாம் என உங்களிடம் சத்தியம் வாங்கினாளாமே. "எனக்குப் பின்னாடி உட்கார ஆசையில்லைங்க, முன்னாடி உட்காரணும். நீங்க ஏறுன்னு மட்டும்தான் சொன்னீங்க" என்கிறாள். ஆகையால் மேலே எழுதிய எல்லாவற்றையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். ஞாயிற்றுக்கிழமை வண்டியிலேயே வாருங்கள். இன்று காலை அவள் ஓட்ட, வண்டியோடு ஓடியதில் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது, அதோடு நான் ரொம்பக் கத்துகிறேனாம். மைதானத்தில் ஒரு பக்கம் நான் ஓடுகிறேன், மறுபக்கம் நீங்கள் ஓடுங்கள். இந்தக் கடிதத்தைப் படித்ததும் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவரவும். இன்னொரு தடவை படிக்க வேண்டுமாம்.