ஈசூன் வெயிலும் எலும்பு சூப்பும்

முதலில் துரோகம் செய்தது பூவம்மாதான். சண்டையை யார் ஆரம்பித்தது என்று பிறகு யாரும் குழப்பக்கூடாது. அதனால் இதை முதலிலேயே சொல்லியாக வேண்டும்.

ஞானசேகரனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் ஃபேரர் பார்க்கில் நூர்தீன் பாய் கடைதான். செக்கச்செவேலென்ற காரக் குழம்பில் ஊறிய ஆட்டு எலும்பு சூப். எலும்புக்குள் ஸ்ட்ராவை விட்டு ஓர் உறிஞ்சு உறிஞ்சினால் ஏழு நாள் கவலையும் போய்விடும். அதற்காக சிங்கப்பூரின் வடக்கே ஈசூன் வீட்டிலிருந்து எம்ஆர்டி ரயிலில் மாறி மாறிப் போவார்.

நான்கு மாதமாக அவருக்கு வயிற்றில் எரிச்சல். கழிவறையில்தான் பாதிக் குடித்தனம். மனைவி பூவம்மா அவரிடம் ஒரு வார்த்தை கேட்டாளா? இல்லை. நேரே பாய்க்குப் போன் போட்டுவிட்டாள். அந்த ஞாயிறு பாய் அவர் முன்னால் கொண்டுவந்து வைத்தது வெறும் ரொட்டியும் சீனி போடாத டீயும்.

"அண்ணி ஆர்டர், அண்ணே. நான் என்ன செய்ய?"

பக்கத்து மேசையில் பூவம்மாவின் தம்பி ரத்னவேல். எலும்பைத் தட்டில் டொக் டொக்கென்று தட்டி மஜ்ஜையை இறக்கிக்கொண்டே சிரித்தான். கொன்றிருந்தால்கூடப் பரவாயில்லை.

அன்றே சபதம் போட்டார். சூப் நிரபராதி என்று டாக்டர் வாயாலேயே சொல்ல வைக்கவேண்டும். பூவம்மாவுக்குத் தெரியாமல் அரசு பாலிகிளினிக் போய் ரத்தம் கொடுத்தார்.

டாக்டர் நிவேதிதா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு வைட்டமின் டி அடிமட்டத்தில் இருக்கிறது என்றார். இருக்காதா? தஞ்சோங் பகார் கட்டடம் ஒன்றில் ஓய்வு பெறும்வரை இருபத்திரண்டு வருடம் இரவு செக்யூரிட்டி. பகலில் திரையை இழுத்துவிட்டுத் தூக்கம். வெயில் கொட்டும் ஊரில் வெயிலே படாமல் வாழ்ந்த மனிதர்.

அவருக்குப் புரிகிற மாதிரியே டாக்டர் விளக்கினார். குடலின் உள்சுவர் கேட் மாதிரி. சத்தை உள்ளே விடும், கிருமியை வெளியே நிறுத்தும். அந்தச் சுவர் தளராமல் இருக்க வைட்டமின் டி உதவுகிறது. அது குறைந்தால் வேண்டாதது உள்ளே நுழைந்து புண்ணும் எரிச்சலும் வரலாம். ஆனால் இது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது, ஆராய்ச்சி இன்னும் நடக்கிறது, காரமும் கொழுப்பும் வயிற்றைக் கெடுக்கலாம் என்றும் சொன்னார். இந்தக் கடைசிப் பகுதியை ஞானசேகரன் பாலிகிளினிக் வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார். டாக்டர் எழுதிக் கொடுத்தது: வாரம் ஒரு மாத்திரை, தினம் கொஞ்சம் வெயில், மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம்.

வீட்டுக்குள் நுழையும்போதே நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

"கேட்டுக்கோ பூவம்மா. சூப் மேல தப்பு இல்ல. கேட்ல நிக்கிற கார்டுதான் சரியில்ல. அதுக்கு விசிட்டரைக் குத்தம் சொல்லலாமா?"

அவள் கறிவேப்பிலையை உருவிக்கொண்டே கேட்டாள். "கார்டு சரியில்லன்னா என்ன செய்வாங்க?"

"புது ஆள் போடுவாங்க."

"புது ஆள் வர்ற வரைக்கும்?"

இருபத்திரண்டு வருட அனுபவம். யோசிக்காமல் பதில் வந்தது. "கேட்டைப் பூட்டி வைக்கணும்."

"அப்ப பூட்டி வைங்க. சூப் வெளிய நிக்கட்டும்."

ஞானசேகரன் விடவில்லை. மூன்று மாதத்தில் ரிப்போர்ட் சரியாக வந்தால்? டாக்டர் என்ன சொல்கிறாரோ அதுதான் முடிவு, இருவரும் மறுபேச்சு பேசக்கூடாது என்று சாமி படத்தின் முன்னால் அவளிடம் சத்தியம் கேட்டார். அவள் உடனே செய்து கொடுத்தாள். அந்த 'உடனே' அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை கையில் ஒரு தட்டு மோர் மிளகாயைத் திணித்து, கார்பார்க் மேல்தளத்துக்கு அனுப்பினாள். வெயில் வீணாகக்கூடாதாம். மைனாக்களை விரட்ட ஒரு குச்சியும் உண்டு. கால் மணி நேரம் போதும் என்று டாக்டர் சொன்னதை நினைவுபடுத்தினார். மிளகாய்க்கு அது போதாது என்றாள். இரண்டாவது வாரம் எதிர்வீட்டு ருக்கையா ஒரு தட்டு கருவாட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். "நீங்க சும்மாத்தானே உக்காந்திருக்கீங்க, அண்ணே. கொஞ்சம் பாத்துக்குங்க லா." ஓய்வு பெற்ற செக்யூரிட்டிக்குச் சம்பளமில்லாமல் மறுபடி டியூட்டி. கறுத்துப்போனார். ஆனால் ஒரு நாள்கூட மட்டம் போடவில்லை. வயிறும் அடங்கிப்போனது.

மூன்று மாதம் முடிந்து ரிப்போர்ட் வாங்கப் போனபோது பூவம்மாவும் கூட வந்தாள்.

டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிரித்தார். "சூப்பர் அங்கிள். எல்லாம் நார்மல். இந்த மூணு மாசம் என்ன செஞ்சீங்களோ, அதை அப்படியே தொடருங்க."

வெளியே வந்ததும் வராததுமாக ஞானசேகரன் போனை எடுத்தார். பெரிய எலும்பாக எடுத்து வைக்கச் சொல்லவேண்டும். மணி அடித்தது.

"என்னங்க, டாக்டர் என்ன சொன்னாங்க?" என்றாள் பூவம்மா.

"காதுல விழலையா? செஞ்சதை அப்படியே தொடரச் சொன்னாங்க."

"இந்த மூணு மாசத்துல சூப் குடிச்சீங்களா?"

"ஒரு சொட்டு குடிச்சதில்ல," என்றார், ரோஷத்தோடு.

"அதை அப்படியே தொடருங்க."

போனில் நூர்தீன் பாய் ஹலோ, ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

"ஒண்ணுமில்ல பாய்," என்றார் ஞானசேகரன். "சும்மா, சுகமான்னு கேக்கத்தான்."

அந்த சூப் அவருக்கு இன்றுவரை பாக்கிதான்.