என் மண்டையின் மையம் குறித்து மச்சானுக்கு

பாசமுள்ள மூத்த மச்சானுக்கு,

நானும் உங்கள் தங்கையும் இங்கே ஒரே கூரைக்குக் கீழே பெரிய சேதமில்லாமல் இருக்கிறோம்; அங்கே அதைவிட நலமாக இருப்பீர்கள். வெட்கத்தை விட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்துடன் வரும் குடும்பப் படத்தில் என் வழுக்கையின் நட்டநடுவே தெரியும் நீலப் புள்ளி படத்தின் கோளாறு அல்ல. மண்டையிலேயே இருக்கிறது. தேய்த்ததில் தோல்தான் உரிந்தது. ஆனால் மச்சான், அது வெற்றிப் பொட்டு!

எங்கள் பட்டறையின் பெரிய லேத் கூட்டாளியிடம். குளிக்கிற தண்ணீரைக்கூட அளந்து ஊற்றுகிற மனுஷர் என்பதால் அவருக்கு வெர்னியர் என்று பெயர். சின்ன லேத்தில் கூன் விழுந்துகொண்டிருப்பவன் நான். போன வாரம் ஓர் இரும்புத் தண்டு வந்தது. இரண்டு முனையிலும் நடுப்புள்ளி குத்தினால்தான் லேத்தில் மாட்டிக் கடைய முடியும். அவர் நடு பார்க்கும் மூலைமட்டத்தை எடுத்தார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "கண்ணு இருக்கும்போது மட்டம் எதுக்கு?" என்றேன். "அப்ப ஆளுக்கு ஒரு முனை. உருண்டைக்கு நடுவைச் சரியாப் பிடிச்சவருக்குப் பெரிய லேத்" என்றார். பில் எழுதிக்கொண்டிருந்த உங்கள் தங்கை, "இவரா? சட்டைப் பொத்தானையே மாத்திப் போடுறவரு" என்று என் மானத்தை வாங்கினாள்.

மை இல்லாமல் மையம் ஏது? முனையில் நீல மை பூசினேன்; பாதி என் மூக்குக்குப் போனது. ஒரு கண்ணை மூடி, மூச்சைப் பிடித்து, நங்கென்று ஒரே குத்து! வெர்னியரும் மட்டமில்லாமல் கண்ணாலேயே தன் முனையில் குத்தினார். பிறகு தண்டை மாட்டிச் சுற்றவிட்டு, சாக்கட்டியைக் கிட்டே கொண்டுபோனோம். நடு சரியென்றால் சுற்றிலும் கோடு விழும். வெர்னியர் முனையில் ஒரு பக்கம் மட்டும் பட்டது. என் முனையிலோ இரண்டு பக்கம், எதிரும் புதிருமாக! "ஒண்ணு பெரிசா, ரெண்டு பெரிசா?" என்று குதித்தேன். "ஜெயிச்சிட்டீங்க, போங்க" என்று வெர்னியர் மை விரலால் என் உச்சியில் பொட்டு வைத்து, பெரிய லேத்தில் தண்டை இறுக்கும் சக் சாவியைக் கையில் கொடுத்தார். அந்தக் கர்வத்தோடுதான் படத்துக்கு நின்றேன். கல்யாணத்தன்று "மாப்பிள்ளைக்குக் கைத்தொழில் சுமார்தான்" என்றீர்களே, அதை இனி வாபஸ் வாங்கலாம்.

உங்களுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு மை படாத முத்தங்கள்.

இப்படிக்கு,
பெரிய லேத்துக்காரன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் தங்கை தண்டை அளந்துவிட்டாள். அது வட்டமே இல்லையாம், முட்டையாம். அதனால்தான் ரெண்டு பக்கம் பட்டதாம். "உருண்டைக்கு நடுவு பிடிக்கிறதுதானே பந்தயம்? உருண்டையே இல்லையே, செல்லாது" என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். அதோடு விட்டாளா? "இதுதான் உருண்டை" என்று மூலைமட்டத்தை என் தலையில் வைத்துப் பார்த்தாள். வெர்னியர் வைத்த பொட்டு மயிரிழை பிசகாமல் நடுவில் இருக்கிறதாம்.